ஆளுக்குப் பாதி உயரம்

ரொட்டிக்காரரைப் படைக்கும்போது எங்கே நிறுத்துவது என்று கடவுளுக்கே மறந்துபோயிருக்க வேண்டும். அவ்வளவு உயரம். அவர் மனைவியோ, நிமிர்ந்து நின்றாலும் அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும். இந்த ஜோடிக்குச் சேர்த்து வீட்டில் இருந்தது ஒரே ஒரு சைக்கிள்.

விடியற்காலையில் அவர் அதில் ஏறி ரொட்டிக்கூடத்துக்குப் போவார். மதியம் அவர் திரும்பி வரவும், அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு இஸ்திரி போடக் கிளம்பவும் சரியாக இருக்கும். வாசலில் சைக்கிள் கைமாறும்போது சீட்டை இறக்க வேண்டும். ராத்திரி அவள் வந்ததும் ஏற்ற வேண்டும். அதற்கென்று ஒரு ஸ்பேனர் உண்டு. தேடும்போது மட்டும் அது கிடைக்காது.

சைக்கிளால் வரும் மற்ற உபத்திரவங்களை ரொட்டிக்காரர் எப்படியோ பொறுத்துக்கொண்டார். போகிறவர் வருகிறவரெல்லாம் டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, காற்று கம்மி என்று தீர்ப்பு சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பம்பை இரவல் வாங்கிப்போய் முனையில்லாமல் திருப்பித் தந்தார். துவைத்துப் போட்ட பேண்ட்டாகப் பார்த்துத்தான் செயின் கறை ஒட்டிக்கொண்டது. இதெல்லாம் போகட்டும். குடும்பத்தில் வெடி வைத்தது சீட்தான்.

ஒருநாள் மதியம் அவர் சீட்டை இறக்க மறந்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அவசரத்தில் அவள் எப்படியோ தாவி ஏறிப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்துவதற்காகக் காலைத் தரையில் ஊன்றப் பார்த்தபோதுதான், தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது தெரிந்தது. அப்போதுதான் துவைத்து அடுக்கிய போர்வை வண்டிக்குள் சைக்கிளோடு போய் விழுந்தாள். சலவைக்கூடமே கூடி நின்று சிரித்தது. வீட்டுக்கு வந்து, வேண்டுமென்றே தன்னை அவமானப்படுத்திவிட்டதாகச் சொன்னாள். தப்புதான் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ரொட்டிக்காரர் சொன்னது வேறு.

"ஏறும்போதே பாத்திருக்கலாமே?"

அன்றைக்கு மூடிய வாயை அவள் திறக்கவில்லை.

ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் பேசாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அவளுக்கு அது இருந்தது, அவருக்கு இல்லை. ரொட்டி அடுப்பின் முன்னால் நிற்கும்போதுகூட அவர் மனதுக்குள் அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தார். அவள் ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டால் காலில் விழவும் தயார். முதலில் தான் பேசுவது மட்டும் நடக்காது. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி, வேலை செய்வது. சீட்டைத் தாங்கும் கம்பியில் அவளுடைய உயரம் எதுவென்று பார்த்து, அங்கே சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார். தினமும் மதியம் சீட்டை அந்தக் கோட்டுக்குச் சரியாக இறக்கித் துடைத்தும் வைத்தார். அவளுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. தன் குள்ளத்தை அளந்து ஊருக்கே காட்டுகிறார் என்று நினைத்தாள். மறுநாள் விடியலில் பார்த்தால், அவருடைய உயரத்திலும் நகப்பூச்சால் ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கியின் தலை.

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதைச் சொல்லிச் சிரிக்க அவளை விட்டால் ஆள் இல்லை என்றதும் அழுகையும் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் மச்சினன் வந்தான். அவளுடைய தம்பி, வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். சமையல்கட்டில் அக்கா அவனிடம் சீட்டைப் பற்றிக் குறை சொன்னாள். வாசலில் மாமாவும் சீட்டைப் பற்றியே குறை சொன்னார். வேறு எதையும் இருவரும் வாயைத் திறந்து சொல்லாததால், அவனும் பிரச்சினை சீட்தான் என்று நம்பிவிட்டான். ஒட்டிவைத்தால் தீராத சிக்கல் எதுவும் உலகத்தில் இல்லை என்பது அவன் கட்சி. சர்வீஸ் செய்து தருவதாகச் சொல்லிச் சைக்கிளை எடுத்துப்போனவன், சாயங்காலம் முகமெல்லாம் பல்லாகத் திரும்பினான்.

இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில் சீட் நின்றது. சுற்றிலும் அசைக்க முடியாத வெல்டிங்.

"ஆளுக்குப் பாதி, மாமா. இனிமே சண்டைக்கே இடமில்ல. நீங்க ரெண்டு பேரும் கோடு போட்டு வச்சிருந்தது ரொம்ப வசதியாப் போச்சு."

மறுநாள் முழங்கால்கள் கைப்பிடியில் இடிக்க இடிக்க ரொட்டிக்காரர் வேலைக்குப் போனார். ராத்திரியோடு ராத்திரியாகச் சைக்கிள் சுருங்கிவிட்டதா என்று பால்காரர் அக்கறையாக விசாரித்தார். மதியம் கால்களை அகட்டிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது, பையோடு வாசலில் நின்ற மனைவியின் உதடு சிரிப்பை அடக்கப் பார்த்து லேசாகத் துடித்தது. ஆனால் பேசவில்லை.

படிக்கட்டில் நின்று அவள் சீட்டில் ஏறினாள். கால் நுனி பெடலைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. மிதித்துவிடலாம், நிறுத்தினால் கால் ஊன்ற முடியாது. அவர் பின்னால் வந்து சீட்டைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று அவள் தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. சைக்கிள் கிளம்ப, அவரும் கூடவே ஓடினார்.

தபால் நிலையத்தைத் தாண்டியதும் ஒரு சரிவு. சைக்கிள் வேகமெடுத்தது. அவருடைய ஒரு செருப்பு பின்னாலேயே தங்கிவிட்டது.

"விட்டுடாதீங்க," என்றாள் அவள்.

எத்தனையோ நாட்களாக அவர் காத்திருந்த குரல். பதிலுக்குச் சொல்லவென்று நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தது ஏராளம். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

"விடல," என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் முழு பலத்தோடு பின்னால் இழுத்து நிறுத்தினார். சலவைக்கூடத்து ஜன்னலெல்லாம் தலைகள். அவள் அவர் தோளைப் பிடித்து இறங்கி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"ராத்திரியும் வந்துடுங்க. தனியா என்னால இறங்க முடியாது."

அதன்பிறகு மதியமும் ராத்திரியும் ஓட்டம்தான். தூக்கம் குறைந்தது, பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஆனாலும் அடுப்பின் முன்னால் அவர் பாட்டுப் பாடுவதாக ரொட்டிக்கூடத்தில் புகார் வந்தது.

விஷயம் மச்சினன் காதுக்கும் எட்டியது. செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டு, வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் வந்தான். வெல்டிங்கை அறுத்துப் பழையபடி ஆக்கிவிடுவதாகச் சொல்லிச் சுவரில் ஒயரைச் செருகினான். அக்கா அதைப் பிடுங்கி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"சைக்கிள் மேல கை வச்சே, அப்புறம் இந்த வீட்டுப் பக்கமே வராத."

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா ரொம்ப மும்முரமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் புரியாமல் மெஷினோடு போய்ச் சேர்ந்தான்.

அவன் தலை மறைந்ததும் அவள் கேட்டாள்: "அந்த ஸ்பேனரை எங்க வச்சீங்க?"

இனிமேல் அந்த ஸ்பேனருக்கு இந்த வீட்டில் ஒரு வேலையும் கிடையாது. அது இருவருக்கும் தெரியும். இருந்தாலும், கடைசியாக எடுத்தது நீதான் என்றார் அவர். இல்லவே இல்லை, நீங்கள்தான் என்றாள் அவள். சாப்பாட்டைத் தாண்டியும் சண்டை ஓயவில்லை. ரொட்டிக்காரர் விட்டுக்கொடுக்கவே இல்லை. இவ்வளவு நல்ல சண்டை போட்டு அவருக்கு ரொம்ப நாளாகியிருந்தது.