பந்தயத்தில் நின்ற தண்ணீர்

வரிச்சிக்குடி வாய்க்காலில் தண்ணீர் மூன்று வருடம் நகராமல் நின்றது. சண்முகசுந்தரம் ஒரு சீட்டாட்டப் பந்தயத்துக்குப் பதில் சொல்லாததுதான் காரணம்.

கடைமடையில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இன்று இவர் வயலுக்கு, நாளை அவர் வயலுக்கு. கப்பலில் சமையல்காரராக இருந்து திரும்பிய சிவராமன் போக்கர் கற்றுக்கொடுத்த பிறகு, மோட்டார் கொட்டகையில் காசுக்குப் பதில் இந்த முறைகளையே வைத்து ஆடினார்கள். அந்தக் குறுவையில் மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிட, சிவராமன் தன் பருவத்து முறை முழுவதையும் வைத்தார். சண்முகசுந்தரமும் அதே அளவு வைத்தால் சீட்டைப் பார்க்கலாம். தோற்றால் அவர் வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கவிழ்த்தால் அதுவரை வைத்த பாதிப் பருவம் போகும், மிச்சத்தில் உளுந்துதான் போடலாம். கையில் நல்ல சீட்டு இல்லாமல் பந்தயத்தை ஏற்றும்போது சிவராமன் காதைச் சொறிவார் என்று சண்முகசுந்தரத்துக்குத் தெரியும். அன்றும் சொறிந்தார். ஆனால் கொட்டகையில் கொசுவும் இருந்தது.

"இருங்க மாமா, யோசிச்சுக்கறேன்" என்றார் சண்முகசுந்தரம்.

அந்த நிமிடமே, இருவர் வயலுக்கும் பிரிகிற இடத்தில் தண்ணீர் இடுப்புயரச் சுவராக நின்றுவிட்டது. மதகு திறந்துதான் இருந்தது. சுவருக்குள் கெண்டைகள் நீந்தின. காரைக்காலிலிருந்து வந்த பொறியாளர் விரலை விட்டுப் பார்த்தார், ஈரமாக இருந்தது, போய்விட்டார். இரண்டு வயல்களிலும் கோரை மண்டியது. மகள் சிவப்ரியாவை சண்முகசுந்தரம் இடது கையில் சீட்டோடுதான் தாரை வார்த்துக் கொடுத்தார். சம்பந்தி வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிவராமன் கண்புரை எடுத்துக்கொண்ட வாரம் தவிர மற்ற நாளெல்லாம் தூக்குச் சட்டியோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பாக்குறியா, கவுக்குறியா மாப்ள? எஞ்சீட்டு எனக்கே மறந்துபோச்சு."

"மறந்த ஆளு எதுக்கு மாமா காதச் சொறியிறீங்க?"

"புண்ணுடா."

மூன்றாம் வருட ஆனியில் சோறு கொண்டுவந்த சண்முகசுந்தரத்தின் மனைவி வடிவாம்பாள், சட்டியைப் புருஷன் முன்னால் வைத்தாள். "அவரு கையில என்னன்னு மூணு வருசமாப் பாக்குறீங்க. உங்க கை நடுங்குதே, அதப் பாத்தீங்களா?"

பார்த்தார். நடுங்கத்தான் செய்தது. ஜெயித்துவிடலாம் என்று இன்னமும் தோன்றியது. அதைவிடத் தூக்கம் வந்தது. சீட்டைக் கவிழ்த்தார்.

தண்ணீர் நகர்ந்தது. சிவராமன் சந்தோஷப்படவில்லை, "அப்பாடா" என்று காலை நீட்டிக்கொண்டார். தன் சீட்டைக் காட்டவும் இல்லை. சமமாகப் பந்தயம் வைக்காதவனுக்குக் காட்டத் தேவையில்லை என்பது ஆட்டத்தின் விதி. சண்முகசுந்தரமும் கேட்கவில்லை. அந்தப் பருவம் சிவராமன் நெல் நட்டார். சண்முகசுந்தரம் உளுந்து விதைத்துவிட்டுப் பகலிலும் தூங்கினார். நடவுக்கு இறங்கிய பெண்கள், நின்று பழகிய தண்ணீர் காலுக்குக் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று பேசிக்கொண்டு, புடவையை இன்னும் ஒரு சுற்றுத் தூக்கிச் செருகி, அடுத்த வரிசையை நட்டார்கள்.