தொப்பியைக் கழட்டாதவன்

பேஸ்பால் ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸில் உள்ளூர் அணியின் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நின்று பந்தைத் தடுப்பவன், இரண்டாவது முறையாகப் பந்தைக் கோட்டைவிட்டான். ஒன்றும் கஷ்டமான பந்தில்லை, சும்மா உருண்டு வந்த பந்து. குனிந்து எடுத்து முதல் பேஸுக்கு எறிந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவனோ காலுக்கு நடுவே விட்டுவிட்டு, அது போகும் அழகைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குள் எதிரணி இரண்டு ரன் எடுத்துவிட்டது.

“கையில எண்ணெயத் தடவிக்கிட்டு வந்திருக்கானா இந்தப் பாவி! இதெல்லாம் தடுப்பா, சல்லடையா?” என்று ஓக்ரான் எழுந்து நின்று கத்தினாள். சந்தையில் கிம்ச்சி ஊறுகாய் விற்பவள். காலையிலிருந்து கூவி விற்ற தொண்டைதான், ஆனாலும் பூசான் நகர மைதானத்துக்கு வந்துவிட்டால் அவளுக்கு இன்னொரு தொண்டை முளைத்துவிடும்.

“விடு, ஓக்ரான். கடைசி நேரத்துல பந்து துள்ளிடுச்சு” என்றார் மன்சிக்.

அவர் வேறென்ன சொல்வார்? ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவரும் ஷார்ட்ஸ்டாப்தான், சந்தைக்காரர்களும் டாக்ஸிக்காரர்களும் சேர்ந்து நடத்தும் ‘சிவப்பு நண்டுகள்’ அணியில். வயது ஐம்பத்தேழு. விலாங்கு உரித்து விற்பது பிழைப்பு. மூன்று வாரமாகப் பிழைப்பும் இல்லை, ஆட்டமும் இல்லை. வலது கை விரல் நுனி முதல் முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது.

அவருக்கு அடுத்து கில்சு உட்கார்ந்திருந்தான். காய்ந்த கணவாயைக் கிழித்துக் கிழித்து மென்றுகொண்டிருந்தான். அவன் டாக்ஸி ஓட்டுகிறவன், சிவப்பு நண்டுகளுக்குப் பந்தெறிகிறவன்.

அடுத்த பந்திலேயே அது நடந்தது. உள்ளூர்ப் பந்தெறிபவன் எறிந்தது எதிரணி பேட்டரின் விலாவில் நங்கென்று விழுந்தது. பேட்டர் மட்டையைப் போட்டுவிட்டு முறைத்தான். பந்தெறிபவன் உடனே, மன்னிப்பு கேட்கும் வழக்கப்படி, தொப்பியைக் கழட்டித் தலை குனிந்தான். பேட்டர் விலாவைத் தேய்த்துக்கொண்டு முதல் பேஸுக்கு நடந்தான்.

“வேணும்னே அடிச்சான்” என்றாள் ஓக்ரான்.

“அதான் தொப்பியக் கழட்டிட்டான்ல? கை நழுவியிருக்கும்.”

“அட போங்கண்ணே! தொப்பியக் கழட்டிட்டா ஆச்சா? அங்க அவன் ஆளே ஒருத்தன் பந்த விட்டான். அவனை அடிக்க முடியுமா? அந்தக் கோவத்தை எதிராளி விலாவுல இறக்கிட்டான். என் வீட்டுக்காரர் ஆபீஸ் கோவத்த எங்கிட்ட காட்டுற மாதிரி!”

கில்சுவுக்குக் கணவாய் தொண்டையில் சிக்கியது. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“மெதுவாத் தின்னுடா, யாரு பிடுங்கப் போறா?” மன்சிக் இடது கையால் அவன் முதுகில் தட்டினார். “ஓக்ரான், நம்ம கில்சுவையே எடுத்துக்க. அன்னைக்கு இவன் எறிஞ்ச பந்தும் ஒருத்தன் தொடையில பட்டுச்சு. உடனே தொப்பியக் கழட்டி இடுப்பு வளையக் குனிஞ்சான். இவன்தான் மனுசன். அடுத்து நம்ம முறையில நான் ஆட வந்தேன். அவங்க பக்கம் பந்தெறியற அந்தப் படகுப் பட்டறைப் பய தோஹான் குறி பார்த்து என் கையில எறிஞ்சான். எலும்பு ரெண்டு இடத்துல போச்சு. அவன் தொப்பியத் தொட்டானாங்கிறேன்? தொடலையே! அப்பிடியே நட்ட மரமா நின்னான்.”

“ஆஸ்பத்திரிக்கு வந்தானாமே?”

“பழரசப் பெட்டியத் தூக்கிட்டு வந்தான். வாசலோட போடான்னுட்டேன்.”

கில்சுவுக்கு அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரம் கண்முன் வந்தது. விரட்டப்பட்ட தோஹான் பழரசப் பெட்டியோடு அங்கேதான் நின்றான். இருபத்தைந்து வயது, பட்டறையில் வெல்டிங் வேலை, கையெல்லாம் தீக்காயத் தழும்பு. “நீங்க ஆரம்பிச்சு வெச்சீங்க, நான் முடிச்சேன். கைய உடைக்கணும்னு நினைக்கலண்ணே” என்று அவன் சொன்னது கில்சுவிடம் மட்டும்தான். வேறு யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. கில்சுவும் விடவில்லை. 

மன்சிக் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார். மறு பையிலிருந்து சிவப்பு மைப் பெட்டி வந்தது.

“லீக் ஆபீஸுக்கு மனு. அவன் வேணும்னே எறிஞ்சான், உசுரு உள்ளவரைக்கும் இனி எந்த மைதானத்துலயும் அவன் கால் வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. சாட்சியா நீ விரல் வெச்சாப் போதும். நீ பந்தெறியறவன், உன் வார்த்தைக்கு மதிப்பு ஜாஸ்தி. நாளைக்குக் குடுத்துடறேன்.”

கில்சு பெருவிரலை மையில் ஒற்றினான். காகிதம் மன்சிக்கின் மடியில் விரிந்து கிடந்தது. விரல் காகிதத்துக்கு மேலே வந்து நின்றது.

“ஏன்யா, நீயே சொல்லு” என்றாள் ஓக்ரான், கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமல். “அங்க எறிஞ்சானே நம்மாளு, அது நழுவினதா, எறிஞ்சதா?”

“எறிஞ்சதுதான்” என்றான் கில்சு.

“பார்த்தீங்களாண்ணே!”

“என்னுதும் எறிஞ்சதுதான்.”

ஓக்ரான் திரும்பினாள். மன்சிக் புரியாமல் அவன் முகத்தைப் பார்த்தார்.

“அன்னைக்கு எனக்குக் கை நழுவலண்ணே. வேணும்னேதான் அந்த ஆளைத் தொடையில அடிச்சேன். அடிச்சிட்டுத் தொப்பியக் கழட்டினேன், எல்லாரும் நம்பட்டும்னு. தோஹான் நம்பல. அவங்க ஆளை அடிச்சதுக்குப் பதிலுக்கு நம்ம ஆளை அடிச்சான். அடுத்து ஆட வந்தது நீங்க. அவன் தொப்பியக் கழட்டல, ஏன்னா அவனுக்கு நடிக்கத் தெரியல.”

பக்கத்து வரிசையில் யாரோ பொரித்த கோழிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். 

“யார் மேல கோவம்?” என்றார் மன்சிக்.

“உங்க மேலதாண்ணே. அன்னைக்கு மூணு பந்து விட்டீங்க.”

மன்சிக் மைதானத்தைப் பார்த்தார். அங்கே அந்த ஷார்ட்ஸ்டாப் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காலால் மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தான்.

“மூணு இல்ல, நாலு” என்றார். “ஒண்ண மட்டும் ஸ்கோர்ல அவங்க ஆட்டக்காரன் நல்லா அடிச்ச பந்துன்னு எழுதிட்டாங்க. நான் விட்டதுதான். வாய மூடிக்கிட்டேன்.”

கில்சுவுக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தான். தொப்பியைக் கழட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மன்சிக்கின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தான்.

“யோவ், உக்காருய்யா! மறைக்குது!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். “நீ வாய மூடுடா!” என்று ஓக்ரான் திருப்பிக் கத்தினாள்.

மன்சிக் குனிந்த தலையை அண்ணாந்து பார்த்தார்.

“இதுவும் அன்னைக்குக் குனிஞ்ச மாதிரிதானா, கில்சு?”

அடித்திருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. என்ன சொல்லி நம்பவைப்பது? நம்பவைக்க இருந்த ஒரே வழியை அவனே அன்றைக்குக் கெடுத்துவிட்டானே! தொப்பியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தான்.

மன்சிக் காகிதத்தைத் திருப்பி அவன் மடியில் வைத்தார். “பின்பக்கம் எழுதலாம். எனக்குக் கை வராது, நீயே எழுது. முதல் பேர் உன்னுது. நடந்தத நடந்த மாதிரி எழுது.”

“சரிண்ணே.”

“அடுத்து அந்தப் பய பேரு. உசுரு உள்ளவரைக்குமெல்லாம் வேணாம். உனக்கு எத்தனை மாசம் தடை போடறாங்களோ, அவனுக்கும் அத்தனை மாசம். எழுது.”

கில்சு எழுதினான்.  எழுதி முடித்துக் கீழே விரல் வைத்தான். மை காய்ந்திருந்ததால் இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது. மன்சிக் ஒருமுறை முழுவதும் படித்துவிட்டு, மடித்து, பையில் போட்டுக்கொண்டார். பிறகு கணவாய்த் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி மென்றார்.

மே மாத வெயில் நேராக முகத்தில் அடித்தது. தொப்பி கில்சுவின் மடியிலேயே கிடந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ் முடியும்வரை மன்சிக் அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. கில்சுவும் போட்டுக்கொள்ளவில்லை.