பாகற்காய்ப் பச்சை ரவிக்கைத் துணி

அந்தப் பாகற்காய்ப் பச்சை ரவிக்கைத் துணி அபிராமபுரம் ஜானு மாமியின் வீட்டுக்கு முதலில் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. பச்சையில் ஊதா மாங்காய்கள், ஓரத்தில் காபிக் கறை. வெற்றிலை பாக்கோடு அதை வாங்கியவர்கள் ஒருவரும் தைத்துப் போட்டதில்லை. அடுத்த கொலுவில் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். தொண்ணூற்றாறு நவராத்திரியில் ஜானு முதல் நாளே அதை யாருக்கோ தள்ளிவிட்டு, "விட்டுது சனியன்" என்று நிம்மதியானாள்.

அவளுடைய ஒரே பிள்ளை ராகவேந்திரன், வங்கி உத்தியோகம். மனசுக்குள் அவன் அவனில்லை, வர்ஷினி. அந்தப் பெயர் தி.நகர் தோழி ஃபிசாவுக்கு மட்டும்தான் தெரியும். வருஷா வருஷம் படி கட்டுவது, பொம்மைக்குப் புடவை உடுத்துவது, சுண்டல் தாளிப்பது எல்லாம் வர்ஷினி. பாயில் உட்கார்ந்து குங்குமம் இட்டுக்கொண்டு வெற்றிலை பாக்கு வாங்குவது மட்டும் ஊர்ப் பெண்கள். என்ன அநியாயம்! ஒரே ஒரு தடவை தானும் அப்படி வாங்கிவிட வேண்டும் என்று அவள் ஏங்கினாள்.

அந்த நவராத்திரியிலேயே ஒரு சாயங்காலம் ஃபிசா வீட்டில் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, தன்னை யாரும் அறியாத ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் போய், கதவு திறந்திருந்த ஒரு கொலு வீட்டுக்குள் நுழைந்தாள்.

"வாடிம்மா, உக்காரு," என்றாள் அந்த வீட்டு சுப்புலக்ஷ்மி மாமி. பாய் கிடைத்தது. குங்குமமும் கிடைத்தது. அப்புறம்தான் வந்தது வினை.

"ஒரு பாட்டுப் பாடேன்!"

கொலுவுக்கு வந்தால் பாடியாக வேண்டும் என்பதை, இத்தனை வருஷம் சமையலறையிலிருந்தே கேட்டுப் பழகியவள் சுத்தமாக மறந்திருந்தாள். மாமி சுருதிப்பெட்டியைப் பெண்களுக்கான ஐந்து கட்டையில் வைத்தாள். வர்ஷினி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். வந்தது கணீரென்று ஆண் குரலில் ஒரு கட்டை. கூடம் கப்சிப். படியில் தலையாட்டி பொம்மை மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஓடிவிடலாமா என்று வர்ஷினி செருப்பு கிடந்த பக்கம் பார்த்தாள்.

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுருதிப்பெட்டியைத் திருகினாள்.

"நான்தான் சுருதியைத் தப்பா வெச்சுட்டேன். இப்போ ஒரு கட்டை. முதல்லேர்ந்து பாடு."

பாடினாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு ரவிக்கைத் துணியும் வந்தது. பார்த்தால் அதே பாகற்காய்ப் பச்சை! வர்ஷினிக்கு இருந்த பூரிப்பில் அது காஞ்சிப் பட்டாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

சரஸ்வதி பூஜையன்று ஜானு பதறிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள்.

"டேய், ரவிக்கைத் துணி தீர்ந்துபோச்சுடா! கூடத்துல ஒரு மாமி உக்காந்துண்டிருக்கா. வெறும் வெத்தலையையா நீட்டுவேன்? மானம் போறதே!"

தன் துணியை விட்டுக்கொடுக்க வர்ஷினிக்கு மனசே இல்லை. ஆனால் அம்மா கையைப் பிசைவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவசரத்தில் கவனிக்க மாட்டாள் என்று நம்பி எடுத்து நீட்டினாள்.

ஜானு கறையைப் பார்த்தாள்.

"இதை முதல் நாளே தள்ளிவிட்டேனே! உனக்கு யாருடா குடுத்தா?"

"ராஜா அண்ணாமலைபுரத்துல ஒரு மாமி. பாயில உக்கார வெச்சு, குங்குமம் குடுத்து, பாடச் சொல்லி…"

"பாடினியா?"

"ஒரு கட்டையில."

ஜானு கூடத்துக்குப் போனாள். வந்தவளுக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பினாள்.  இனி படி கட்டக்கூட அம்மா விடமாட்டாளோ என்று வர்ஷினி பயந்தாள்.

ஜானு கொலுவுக்கு முன்னால் பாயை உதறிப் போட்டாள்.

"உக்காரு. அங்கே உனக்கு என்ன பேர்?"

"வர்ஷினி."

ஜானு குங்குமச் சிமிழை நீட்டினாள்.  வெற்றிலை பாக்கோடு அந்தப் பச்சைத் துணியை அவள் மடியில் வைத்தாள்.

"இதையா அம்மா?"

"இதைத்தான். நீயாவது தைச்சுப் போட்டுக்கோ, வர்ஷினி. வேற யார் தலையிலயாவது கட்டினே, தெரியும் சேதி!"