டெல்ஃபின் ஓட்டிய பஸ்

நாற்பதாவது திருமண நாளுக்காக மணிலாவின் பெரிய கேசினோ ஹோட்டலில் தங்கினோம். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் கணவர் டெல்ஃபினைக் காணவில்லை. பஸ் ஓட்டுநராக இருந்தவர். இப்போது ஞாபகம் தப்பிப்போகிறது. பதறிப்போய்க் கீழே ஓடினேன்.

சூதாட்டக் கூடத்தில் ஒரு ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கைகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் சீருடையில் ஒரு பணிப்பெண்.

"கியாப்போ ஸ்டாப்புல இறக்கி விட்டுருங்க, அண்ணே."

"எட்சா ரோட்டுல எவன்மா வழி விடுறான்? பொறு!"

என்னைக் கண்டதும் அவள், "ஏறுங்கக்கா, இடம் இருக்கு" என்றாள்.

நானும் உட்கார்ந்தேன். கியாப்போ வந்த பிறகுதான் டெல்ஃபின் எழுந்தார்.

கிளம்பும்போது கருத்துப் படிவம் கொடுத்தார்கள். மெத்தை, நீச்சல் குளம், காலை உணவு எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். பணியாளர்களைப் பற்றி எழுத இடம் போதவில்லை. தாளைத் திருப்பி எழுதினேன்.