விரதத்துக்கு மருந்து, டாக்டருக்கு மிட்டாய்

என் வீட்டுக்காரர் அருணகிரிக்குப் பசி தாங்காது. சோறு வேகக் கொஞ்சம் தாமதமானால் அடுப்படிக்கே வந்து நின்றுகொண்டு பானையையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷன், எண்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகை தீபத்துக்கு விரதம் இருக்கப் போகிறேன் என்றதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காத வள்ளி. கவர்மெண்டு பஸ்ஸுல டிரைவர் வேலை வந்தா கொடியேத்தத்துல இருந்து தீபம் வரைக்கும் ராத்திரி ஒரு வேளைதான் சாப்பிடுவேன்னு வேண்டிக்கிட்டேன். வந்துடுச்சி. இருந்துதானே ஆவணும்?"

வேலை முக்கால்வாசிதான் வந்திருந்தது. கீழ்பென்னாத்தூர் முதலாளி ஒருவரிடம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவரை நேர்முகத்தில் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. தீபத்துக்கு மறுநாள் காலையில் வரச் சொல்லியிருந்தார்கள்.

ரமணாசிரமத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் ஒரு அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். ஐப்பசியில் காலி செய்துகொண்டு போன இங்கிரிட் அம்மா, ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவானேன் என்று ஒரு பெரிய பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வட்ட வட்டமாக வைட்டமின் சி மாத்திரை. மென்று தின்ன வேண்டியது. "டெய்லி ஒன். ஒன்லி ஒன்" என்று ஒரு விரலை என் மூக்குக்கு நேரே ஆட்டிச் சொல்லிவிட்டுத்தான் ரிக்‌ஷா ஏறினாள். நான் ஒன்றைத் தின்று பார்த்தேன். இனிப்பும் புளிப்புமாக, கடையில் விற்கும் ஆரஞ்சு மிட்டாயேதான்.

விரதம் ஆரம்பித்த மறுநாளே எங்கள் வீட்டுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. அது என்ன இருமலோ! சளி இல்லை, காய்ச்சல் இல்லை, என்னைப் பார்த்தால் மட்டும் இருமல்.

"அந்த மாத்திரை இருமலுக்கு நல்லதாமே? மருந்து சாப்ட்டா விரதம் கெடாதில்ல?"

கெடாதுதான். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். எவ்வளவு கடுமையான விரதமாக இருந்தாலும் மருந்து சாப்பாட்டுக் கணக்கில் வராது. "சரி, ஒண்ணு எடுத்துக்குங்க" என்றேன். பாவம், பசியோடு வண்டி ஓட்டுகிறாரே என்று எனக்கும் இருந்தது.

அதற்கப்புறம் நான் அந்தப் பாட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு நிறைய திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள், எனக்கு மூச்சுவிட நேரமில்லை. நடுவில் அவருக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ராத்திரிப் பொரியலில் எண்ணெய் ஜாஸ்தி ஆகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு எண்ணெயைக் கம்மி செய்தேன். அப்படியும் நிற்கவில்லை.

தீபம் நல்லபடியாகப் பார்த்தோம். மறுநாள் காலையில் நானும் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். டாக்டர் சந்திரகலா கண், காது, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, "மாத்திரை மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எனக்கு எதுக்குங்க?" என்று எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

அப்புறம் சிறுநீர்ப் பரிசோதனை. கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் ஊற்றி, அதில் இவருடையதைச் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை என்று அர்த்தமாம். எங்கள் கண்ணெதிரிலேயே அது பச்சையாகி, கலங்கி, மஞ்சளாகிப் போனது.

"சர்க்கரை இருக்கும்போல தெரியுது. இதை வச்சுக்கிட்டு டிரைவர் வேலைக்கு நான் எழுத முடியாது" என்றார் டாக்டரம்மா. வாரக் கடைசிக்குள் வந்தால் இன்னொரு முறை பார்க்கலாம் என்றும் சொன்னார்.

வரும் வழியெல்லாம் அவர் வேலை போச்சே, வேலை போச்சே என்று புலம்பினார். என் காதில் அது ஏறவே இல்லை. என் அப்பா இருசப்பனுக்கும் சர்க்கரைதான். யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். காலில் வந்த புண் ஆறாமல் போய், முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். அடுத்த கார்த்திகைக்கு அவர் இல்லை.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் விஷயத்தைக் கேட்டதும், "அட, இதுக்கா அழுவுறீங்க? எங்க வீட்டுக்காரருது வேணா ஒரு பாட்டில்ல புடிச்சித் தரேன், எடுத்துக்கினு போய்க் குடு அண்ணா. அவருக்கு ஒரு நோயும் கெடையாது" என்றாள். இவர் முகத்தில் பல்பு எரிந்ததைப் பார்த்தேனே!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "யோவ்! ஊரான் மூத்திரத்தக் குடுத்து சர்டிபிகேட் வாங்கிடுவ. உன் உடம்புல இருக்கறது எங்க போவும்? ஓட்டும்போது மயக்கம் வந்தா வண்டியில இருக்கறவங்க கதி இன்னா? எங்கப்பன் கதையப் பாத்துமா புத்தி வரல?" என்று கத்தினேன். பச்சையம்மாள் சத்தமில்லாமல் நழுவிவிட்டாள்.

அதே வேகத்தில் வீட்டிலிருந்த சர்க்கரை டப்பா, வெல்லம், திருவிழாவுக்குச் செய்த பொரிஉருண்டை எல்லாவற்றையும் அள்ளி ஒரு பையில் போட்டேன். இனிப்பு என்று எதுவுமே இவர் கண்ணில் படக்கூடாது. அப்போதுதான் அந்த ஆரஞ்சு மாத்திரை ஞாபகம் வந்தது. அலமாரியில் பாட்டிலைக் காணோம்.

"எங்கங்க அது?"

"வேன்ல..." என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

வாசலில் நின்ற வேனின் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். ஆட்டிப் பார்த்தால் அடியில் கொஞ்சம் கலகலவென்றது. "பசி எடுக்கும்போதெல்லாம் ரெண்டு மூணு வாயில போட்டுக்குவேன். மருந்துதானே? இன்னிக்கி காலையிலகூட... வாய்க்குப் பழகிப்போச்சி."

"டாக்டரம்மா கேட்டப்ப மருந்தே சாப்டலன்னு சொன்ன?"

"அது மிட்டாய் மாதிரி தானேடி இருக்கு!"

அடப் பாவி மனுஷா! விரதத்துக்கு மருந்து, டாக்டருக்கு மிட்டாய்! இந்த மிட்டாயைத் தின்றுதான் சர்க்கரை வியாதியை வரவழைத்துக்கொண்டார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. டாக்டரம்மா நாலு வார்த்தை நன்றாகத் திட்டட்டும் என்று அவரையும் பாட்டிலையும் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இவர் தின்ற கணக்கைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இதுல வியாதி வராதும்மா. உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டு மீதியைச் சிறுநீர்ல தள்ளிடும். இவ்வளவு ஜாஸ்தியா இது போச்சுன்னா, நீலத் தண்ணிய சர்க்கரை மாதிரியே இதுவும் நிறம் மாத்திடும். அதனால சர்க்கரை இருக்குன்னும் இப்ப சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. இதை அடியோட நிறுத்திட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு வாங்க. ரத்தமும் சேர்த்துப் பார்த்துடலாம்."

"அப்ப இது விஷமாங்க?"

"விஷமில்ல. வேணும்னா ஒண்ணு சாப்பிடலாம், தப்பில்ல. நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுறவங்களுக்குப் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. கை கையா அள்ளித் தின்னா வயித்தால போகும். கல்லடைப்பு வந்தவங்களா இருந்தா மறுபடி கல்லு சேரலாம்." பிறகு இவர் பக்கம் திரும்பினார். "இனிமே டாக்டர் கேட்டா, மிட்டாய் மாதிரி இருந்தாலும் சொல்லணும். புரியுதா?"

"புரியுதுங்க" என்றார் இவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு. வயிற்றால் போன காரணமும் அப்போதுதான் விளங்கியது. என் பொரியல்மேல் இருந்த பழி போனதில் எனக்கு அந்தக் கவலையிலும் ஒரு திருப்தி.

அந்த இடைப்பட்ட நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ விரதம் முடிந்த குஷியில் நன்றாகச் சாப்பிட்டார், வயிறும் சரியாகிவிட்டது. நான்தான் அவர் தூங்கும்போது காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், புண் ஏதும் இருக்கிறதா என்று.

வாரக் கடைசியில் மறுபடி அதே மேஜை, அதே விளக்கு. ரத்தத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சீட்டு வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் குழாயைப் பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் சூடாகி, குமிழி விட்டு, கொதித்தது. நீலமாகவே இருந்தது. விளக்கை அணைத்த பிறகும் நீலம்தான்.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்தார். எங்கள் வீட்டுக்காரர் குதித்தே விட்டார். "வள்ளி! வேல கெடச்சிடுச்சிடி!"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு அழுகை வந்ததோ! அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். "வேலய யாருய்யா கேட்டா? எனக்கு நீ வேணும்யா!"

அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாலு பேர் எதிரில் அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். பிடித்த கையை விடாமல் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டோம். சர்டிபிகேட்டை மேஜைமேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று, டாக்டரம்மா பின்னாலேயே ஓடிவந்து நீட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.