முப்பத்தொன்றே முக்கால்

படிவத்தின் ஏழாவது கட்டம் 'வண்டி எண்' என்று கேட்டது. நான் அதில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா அந்தக் கோட்டின் மேல் பேனா முனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நம்பர் போடலையே."

"நம்பர் இல்லைங்க."

"நம்பர் இல்லாம வண்டி எப்படிங்க இருக்கும்?"

"அதைத்தாங்க புகார் பண்ண வந்திருக்கோம்."

அவர் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் தெரு ஆட்கள் நாற்பத்தாறு பேர் போட்ட கையெழுத்தையும் பொறுமையாக எண்ணிப் பார்த்தவர். ஆனால் ஏழாவது கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் மனுவை எடுத்துக்கொள்ளாதாம். என்னோடு வந்திருந்த பூட்டுக்கடைக்காரர், "அப்ப அடுத்த தடவை இடிக்க வர்றவனை நிறுத்தி, ஒரு நம்பர் ஒட்டிக்கிட்டு வந்து இடின்னு சொல்றோம்" என்றார். குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு வரவில்லை. மனு திரும்பி வந்தது.

பூட்டுக்கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் சாவி என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைத் துணி என்பார். என்னுடையது துணிக்கடை. முன்பாதியில் நான் துணி கிழிப்பேன்; பின்பாதியில் அக்கா தைப்பாள். கடைக்கு நேர் எதிரே ஒரு சந்து. அதன் மறுமுனையில் அக்கா வீடு. நடந்தால் நூற்றிருபது அடி. வண்டி போகும் சந்து இல்லை அது. இரண்டு கட்டடங்களின் முதுகுகளுக்கு நடுவே, ஆள் நடப்பதற்காக விட்ட வழி. நடுவில் ஒரு பச்சை மின்பெட்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும்.

அந்தச் சந்தைத்தான் வெட்டுக்கிளிகள் கண்டுபிடித்தன. சேற்றிலும் மேட்டிலும் பந்தயம் விடுவதற்கென்று செய்த டர்ட் பைக்குகளுக்கு நாங்கள் வைத்த பெயர். உயர்ந்த கால், தூக்கிய மட்கார்டு, பட்டன் டயர். விளக்கு கிடையாது, கண்ணாடி கிடையாது, நம்பர் கிடையாது. பெரிய சாலையில் போலீஸ் நின்றால் சந்துக்குள் நுழைந்து இந்தப் பக்கம் வெளியே குதிக்கும். போலீஸ்காரரிடமும் போய்ப் பேசிப் பார்த்தோம். "துரத்தினா அவன் போய் எவன் மேலயாவது ஏத்திடுவான். துரத்தாதீங்கன்னு எங்களுக்கு உத்தரவு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களுக்குக் கிடைத்த எல்லாப் பதிலிலும் ஏதோ ஒரு நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

அக்காவுக்கு வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் பாதி. சந்துக்குள் வரும் வண்டிச் சத்தம் இரண்டு சுவரிலும் மோதி, தெருக்கோடியில் இருக்கும் மருந்துக்கடை வரைக்கும் கண்ணாடியை அதிர வைக்கும். அவளுக்கு மட்டும் கேட்காது. ஒரு நாள் காலையில் கடைக்கு வந்துகொண்டிருந்தவள், மின்பெட்டிக்குப் பக்கத்தில் வரும்போது ஏதோ தோன்றித் திரும்பியிருக்கிறாள். சுவரோடு முதுகை ஒட்டிக்கொள்ளத்தான் நேரம் இருந்தது. கைப்பிடியின் ஒரு முனை அவள் இடுப்பில் தொங்கிய பையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. மறுமுனை மின்பெட்டியில் ஒரு கீறல் போட்டது. அவளுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. பையிலிருந்து சிதறிய பொத்தான்களை நானும் சாவியும் குனிந்து பொறுக்கினோம். அவள் பொறுக்கவில்லை. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் கால்வலி என்றாள். அதற்கு மறுநாளும். தையல் மெஷினை வீட்டுக்குக் கொண்டு வா என்றாள். கொண்டுபோய் ஜன்னலோரம் போட்டேன். சுவரோரத்துக்கு நகர்த்தச் சொன்னாள். நான் காலையில் துணியும் அளவுச்சீட்டும் கொண்டுபோவேன், மாலையில் தைத்ததை வாங்கி வருவேன். ஐந்து வாரம் இப்படியே ஓடியது. தையலில் ஒரு குறை இல்லை. ஆனால் கடையில் இருந்தால் வாடிக்கையாளர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "உங்களுக்கு முப்பத்தெட்டுங்க, போன வருஷத்துக்கு ஒண்ணு கூடியிருக்கு" என்று மானத்தை வாங்குகிறவள், வீட்டில் பேச ஆளில்லாமல் என் சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் பயம் என்ற வார்த்தையை யாரும் கடைக்கு எடுத்து வர மாட்டோம். பயந்திருப்பது தெரிந்தால் எதிராளி விலையைக் குறைப்பான் என்று வளர்ந்தவர்கள். அதனால் அவளும் கால்வலி என்றாள், நானும் தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாவது மனுவைச் சாவி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் மேசைக்குப் பின்னால் ஒரு பூட்டைக் குடைந்துகொண்டே சொன்னார்: "மேற்படி சந்தில் இருசக்கர வண்டிகளுக்குத் தடை விதித்து." அந்த நேரம் பார்த்து வெட்டுக்கிளி ஒன்று சந்திலிருந்து குதித்தது. அந்தச் சத்தத்தில் என் காதில் என்ன விழுந்ததோ, கை என்ன எழுதியதோ. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பதினேழாம் நாள் பதில் வந்தது. போலீஸிலிருந்து இல்லை; சாலைப் பராமரிப்புப் பிரிவிலிருந்து. 'தாங்கள் கோரியுள்ள தடுப்பு அமைக்கும் பணி தொடர்பாக மேஸ்திரி நேரில் வருவார்' என்று இருந்தது.

சாவி அதை இரண்டு முறை படித்தார். "தடுப்பா? நான் தடைன்னுல்ல சொன்னேன். நீ என்னய்யா எழுதித் தொலைச்ச?"

நகலை எடுத்துப் பார்த்தோம். 'இருசக்கர வண்டிகளுக்குத் தடுப்பு' என்று என் கையெழுத்தில், குண்டு குண்டாக.

"போய் மாத்தி எழுதிக் குடு. தடைன்னு போடு."

"தடை ஏற்கெனவே இருக்கு சாவி. அந்த வண்டிக்கு இந்த ஊர் ரோட்டுலயே தடைதான். அது பாட்டுக்குப் புத்தகத்துல இருக்கு, வெட்டுக்கிளி பாட்டுக்குச் சந்துல போகுது."

"அதுக்காக?"

"தடுப்புன்னு கேட்டா வேற ஜன்னல், வேற படிவம். அதுல ஏழாவது கட்டமே இல்லை போலிருக்கு. எதிராளி தப்பாக் கேட்டுக்கிட்டு நமக்குச் சாதகமாப் பேசும்போது எதுக்குத் திருத்தணும்?"

சாவி நகலை மடித்து என் கையில் வைத்தார். "நீ பிறந்தப்ப அழுதியா, இல்ல பேரம் பேசுனியா?" என்றார்.

மேஸ்திரி ஒரு புதன்கிழமை பகல் பத்து மணிக்கு வந்தார். கூட இரண்டு ஆட்கள், இரும்புக் கம்பங்கள், தரை துளைக்கும் மெஷின். சந்தின் இரண்டு வாயிலும் இரண்டிரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று தள்ளிக் கம்பம் நடுவது அவர் திட்டம். ஆள் வளைந்து வளைந்து போகலாம். கேள்வி ஒன்றுதான்: கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே எவ்வளவு?

"புத்தகத்துல முப்பத்தாறு இன்ச்" என்றார்.

"இருபத்திநாலு வைங்க" என்றேன். இருபத்திநாலு கிடைக்காது என்று எனக்குத் தெரியும், கிடைக்கவும் வேண்டாம். ஆனால் முப்பதில் போய் நிற்க வேண்டுமென்றால் வேறு எங்கிருந்து கிளம்புவது?

"இருபத்திநாலுல நீங்களே போக மாட்டீங்க" என்று என் வயிற்றைப் பார்த்தார். தெருவில் மருந்துக்கடை அம்மாவின் மாமியார் சக்கர நாற்காலியில் போகிறவர். அப்போது கடை வாசலில் இருந்த அவரை மேஸ்திரி சுட்டிக் காட்டினார். நான் இருபத்தெட்டுக்கு ஏறினேன். அவர் முப்பத்தைந்துக்கு இறங்கினார். இப்படியே ஏறி இறங்கி, நான் முப்பதிலும் அவர் முப்பத்திமூன்றிலும் வந்து நின்றுகொண்டோம்.

"மூணு இன்ச்ல என்னங்க வந்துடப் போகுது? அந்த வண்டி எவ்வளவு அகலம்?"

"மூணடி இருக்கும்" என்றார் சாவி, சந்தேகமே இல்லாமல்.

"அப்பறம் என்ன? மூணடின்னா முப்பத்தாறு. முப்பத்திமூணு விட்டாலும் போகாது." மேஸ்திரி சாக்கட்டியை எடுத்துத் தரையில் குறி போடக் குனிந்தார்.

அக்கா ஞாபகம் அப்போதுதான் வந்தது. "ஒரு அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் ஓடினேன். என் வயதில், என் உடம்போடு ஓடியது என்பதைச் சாவி இன்று வரைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

அக்கா ஒரு சட்டையின் கையை உடம்புத் துணியோடு பொருத்தித் தைத்துக்கொண்டிருந்தாள். இடது பக்கமாகப் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. "முப்பத்திமூணு விடப் போறாங்க. சாவி, வண்டி மூணடின்னு சொல்லிட்டாரு" என்றேன்.

அவள் மெஷினை நிறுத்தினாள். "யாரு, சாவியா? அவர் சட்டை அளவே அவருக்குத் தெரியாது. முப்பத்திமூணு விட்டா நேராப் போயிடும். அது முப்பத்தொண்ணே முக்கால்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் மேல வந்தது எனக்குத் தெரியாதா?"

"நான் சொன்னா நம்ப மாட்டாரு அந்த ஆளு. சரி விடு, எப்படியோ போடட்டும்."

எப்படியோ போடட்டும் என்பது அவளிடம் சொல்லக்கூடாத சொல். தவறான அளவில் ஒரு துண்டுத்துணியைக்கூட வெட்ட விடாதவள். செருப்பைத் தேடினாள், ஐந்து வாரமாகப் போடாத செருப்பு கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. அளவு டேப் கழுத்தில் இருந்தது. அது எப்போதும் இருக்கும். வாசல் தாண்டி சந்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு கணம் நின்றாள். பிறகு இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்து, சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். நான் அவளுக்கு வலது பக்கம் நடந்தேன்.

மின்பெட்டிக்கு எதிரே வந்ததும் நின்றாள். மேஸ்திரி அந்தப் பக்கத்திலிருந்து சாக்கட்டியோடு வந்தார், பின்னாலேயே சாவியும்.

"இங்கதாங்க" என்றாள். சுவரில் முதுகை ஒட்டி, அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. டேப்பின் ஒரு முனையைத் தன் இடுப்பில், பை கிழிந்த இடத்தில் அழுத்திக்கொண்டாள். மறுமுனையை என்னிடம் நீட்டினாள். "அந்தக் கீறல்ல வைடா."

நான் டேப்பைக் கீறலுக்கு இழுத்தேன். மேஸ்திரி மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் குனிந்து படித்தார். முப்பத்தொன்றே முக்கால். அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"அந்த நேரத்துல அளவா எடுத்தீங்க?"

"எடுக்கலைங்க. எது முன்னாடி நின்னாலும் அளவு தானாத் தெரிஞ்சுடும். தொழில் அப்படி" என்றாள். பிறகு சாவியைப் பார்த்து, "மூணடியாம்" என்றாள். சாவி மின்பெட்டியை மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார்.

"சரிம்மா, நீங்களே சொல்லுங்க. எவ்வளவு விடலாம்?"

"சக்கர நாற்காலி இருபத்தேழு. அதுக்கு உறை தைச்சது நான்தான். தையலுக்கு விடற மாதிரி பக்கத்துக்கு ஒண்ணு விடுங்க. இருபத்தொம்பது."

நான் முப்பதுக்கு அவ்வளவு பேரம் பேசியிருந்தேன். மேஸ்திரி மறுபேச்சில்லாமல் இருபத்தொன்பது என்று தரையில் எழுதிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

மதியத்துக்குள் கம்பங்கள் நின்றுவிட்டன. சிமென்ட் இறுகட்டும் என்று ஆட்கள் சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனார்கள். அக்கா வீட்டுக்குத் திரும்பவில்லை. கடையின் பின்பாதியில் உட்கார்ந்து, ஐந்து வாரத் தூசியைத் திட்டிக்கொண்டே துடைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, நாடா அவிழ்த்தபின், பகல் பதினொன்று இருக்கும். அக்கா வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கம்பங்களைக் கடந்து பாதிச் சந்து வந்தவள், எதையோ மறந்தாற்போல் நின்று பையைத் துழாவினாள். அவளுக்குப் பின்னால், பெரிய சாலையிலிருந்து அந்தச் சத்தம் திரும்பியது. கடை வாசலில் நின்ற நான் வாயைத் திறந்தேன், கத்தியும் பயனில்லை. வெட்டுக்கிளி சந்தின் வாய்க்கு வந்தது, கம்பங்களைப் பார்த்தது, பிரேக் பிடித்த டயர் கீச்சிட்டது. பின்சக்கரம் அரைவட்டம் சுற்றியது. ஓட்டியவன் தலைக்கவசத்துக்குள்ளிருந்து கம்பங்களை ஒருமுறை பார்த்தான். பிறகு வந்த வழியே போய்விட்டான். அக்கா பையிலிருந்து ஊசிப்பெட்டியைத் தேடி எடுத்துவிட்டு நடையைத் தொடர்ந்தாள்.

பக்கத்துக் கடையில் சாவி உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா முகம் இப்படி இருக்கு?" என்றாள் அக்கா, வந்ததும்.

"ஒண்ணுமில்லை. வெயில்."

அவள் என் முகத்தையும் சாவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடம் எதையும் மறைக்கும் சாமர்த்தியம் எங்கள் இருவருக்கும் இல்லை. திரும்பிச் சந்துக்குள் பார்த்தாள்.

அதே வாரம் அடுத்த தெருக்காரர்கள் இருவர் வந்தார்கள். சத்தம் இப்போது அவர்கள் பக்கம் போய்விட்டதாம். மனுவை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டார்கள். "நான் சொல்லணும், துணி தப்பா எழுதணும். வேற வழியில்லை" என்றார் சாவி. ஆனாலும் நகலைக் கொடுத்தோம். அவர்களோடு அலுவலகத்துக்கும் போவதாக ஒப்புக்கொண்டோம்.

வண்டி திரும்பிப்போன அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே அக்கா கிளம்பினாள். நான் துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். சுவரைத் தொடவில்லை, இரண்டு கையும் வீசிச் சந்தின் நடுவில் நடந்தாள். கழுத்தில் டேப்பின் இரண்டு முனையும் ஆடின. மின்பெட்டியைத் தாண்டினாள். மறுமுனையில் கம்பங்களுக்கு வெளியே, தரையில் அந்த டயர் விட்டுப்போன கறுப்பு அரைவட்டம், சட்டைக் கழுத்து வெட்டுவதற்குச் சாக்கட்டியால் போட்ட வளைவு மாதிரிக் கிடந்தது. அக்கா அதன் முன்னால் நின்றாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்திலிருந்து டேப்பை உருவினாள்.