கண்ணாடி மூடி

"அம்மா, அப்பாவுக்குப் பின்னால உக்காந்திருக்கற அத்தை யாரு?" என்று மகள் ரேஸி ஐந்து வயதில் கேட்டாள். அஃப்ரா அவள் வாயில் ரொட்டியைத் திணித்து அனுப்பினாள். புருஷனிடம் அதைக் கேட்க ரோஷம் விடவில்லை.

அவள் புருஷன் கோர்பினியன் இரண்டாம் உலகப் போரில் சண்டை விமான மெக்கானிக். ஜெர்மனி தோற்றபின், விமானம் செய்த ஆலை மூன்று சக்கரக் குட்டிக் கார் செய்தது; அங்கேயே சேர்ந்தான். காருக்கும் விமானத்தைப் போலக் கண்ணாடி மூடி. ஒருவர் பின் ஒருவராக இரண்டே இருக்கை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து அவன் சென்ஸி என்ற ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போவதை ரேகன்ஸ்பர்க் நகரில் தெருவே பார்த்தது.

"உன் வீட்டுக்காரன் அவளைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுல்ல ஊருக்குக் காட்டறான்!" என்பாள் ரொட்டிக்கடை ஃபன்னி.

இப்போது அவன் குழிக்குள். நெஞ்சுவலி. எல்லோரும் சிறு கிளையால் குழிக்குள் தீர்த்தம் தெளித்துப் போனபின் கடைசியாகச் சென்ஸி வந்து கை நீட்டினாள். அஃப்ரா தீர்த்தக் கிளையைக் கொடுக்கவில்லை.

"இங்கயும் வரணுமா நீங்க?"

"என் வீட்டுக்காரர்தான் அனுப்பினாரு. அவரால வர முடியாதே. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாம மலை ஆஸ்பத்திரியில கிடக்கறாரு. ஞாயித்துக்கிழமை பஸ் கிடையாது. உங்க வீட்டுக்காரர்தான் என்னைக் கூட்டிட்டுப் போவாரு."

"உங்களைக் கூட்டிட்டுப் போக இவருக்கு என்ன வந்துச்சு?"

"என் வீட்டுக்காரர் ஓட்டின விமானத்துக்கு இவர்தானே மெக்கானிக். கடைசி நாள்ல எதிரி டாங்கி ஓடுபாதைக்கே வந்துட்டுதாம். ஒத்தை ஆள் விமானம். விட்டுட்டு வர மனசில்லாம, தன் சீட்டுக்குப் பின்னால பொந்துல இவரைச் சுருட்டித் திணிச்சுப் பறந்தாராம். உங்ககிட்ட சொல்லலையா?"

அஃப்ராவுக்குத் தெரியாத கோர்பினியனை இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தான் கேட்டதே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கிளையை நீட்டினாள்.

அடுத்த ஞாயிறு காலை கொட்டகையில் கார் அப்படியே நின்றது. கோர்பினியன் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் வாங்கித் தந்திருந்தான். கோபத்தில் அவள் தொட்டதே இல்லை. பின் இருக்கையில் மடித்துக் கிடந்த கம்பளியை எரிச்சலோடு பார்த்தாள். எடுத்து உதறினாள். வெந்நீர்ப் புட்டியை அதில் சுற்றி அங்கேயே வைத்தாள்.

சென்ஸியின் வாசலில் மூடியைத் தூக்கினாள்.

"ஏறுங்க. குளிருது."

வழியில் இரண்டு பேர் மூச்சும் கண்ணாடியில் படர்ந்தது. அஃப்ரா முன்னால் மட்டும் உள்ளங்கையளவு துடைத்துக்கொண்டாள். ரொட்டிக்கடையிலிருந்து ஃபன்னி எட்டிப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு மூடி போயிற்று. உள்ளே யாரென்று தெரியவில்லை.